குளிர்ந்த பால்

1993 டிசம்பர் 9, வியாழன்

நான் பால்மாவைப் பூட்டி வைக்கவில்லை. நான் பூட்டியது போத்தல்களை. பால்மாத் தகரப் பேணிகள் பாடசாலை அதிபரின் அறையில், எல்லோரும் பார்க்கிற மேசையில், மிச்சமுள்ள முப்பத்தாறும் அப்படியே இருக்கின்றன. "கொன்வென்டும்மா புள்ளைகள்ட பாலப் பூட்டிட்டு, சாவிய இடுப்புல சொருகிட்டுப் போறா" என்று என்னைச் சொல்லித் திரிகிறவர்கள் முதலில் பேணிக்கும் போத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துவிட்டு வரட்டும். இன்னொன்று: சாவி இடுப்பில் இல்லை. கைப்பைக்குள் இருக்கிறது.

திங்கட்கிழமை மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறிவிட்டது. அங்கிருந்த குடும்பங்களை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் பாடசாலையில் இறக்கினார்கள். ஐம்பத்திரண்டு குடும்பம். கைக்குழந்தைகள் பதினொன்று. எண்ணியது நான். நிவாரணக் குழுச் செயலாளர் காலிதீன் "ஏழெட்டு இருக்கும் மாமி" என்றார். ஏழெட்டு என்று ஓர் எண் கிடையாது.

நேற்றுக் கொழும்பிலிருந்து லொறியில் பால்மாவும், ஒரு பெட்டி நிறையப் புதுப் போத்தல்களும் வந்தன. காலிதீனுக்குப் பெருநாள் வந்தது போல் முகம். கை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பின்னேரம் போய்ப் பார்க்கிறேன், ஒரே போத்தல் மூன்று பிள்ளைகளின் வாய்க்குப் போய் வருகிறது. ஒருத்தி போத்தல் சூப்பியை முந்தானையில் துடைக்கிறாள். பாடசாலைக் கிணற்றுக்குள் மலசலகூடத்துத் தண்ணீர் வந்து கலந்திருக்கிறது. அதில்தான் அலசுகிறார்கள்! பதினேழு போத்தலையும் பறித்து நூலக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இனி என் வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுபோய், என் கண்முன் கொதிக்கவைத்து, அளந்து, நேரத்துக்குத்தான் கொடுப்பது.

பால்மாவுக்கு நான் எதிரி அல்ல. என் பிள்ளைகள் மூவரும் போத்தலில் வளர்ந்தவர்கள். மட்டக்களப்புக் கொன்வென்டில் ஸிஸ்டர் படிப்பித்தபடி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. மூத்தவன் இன்று எஞ்சினியர்.

1993 டிசம்பர் 10, வெள்ளி

ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது. கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒருத்தி ஆறரைக்கு வந்து நிற்கிறாள். நேரம் என்னவென்று கேட்டேன். "ஆறு மணிக்கு அவர் ஒறங்கிட்டிருந்தார் உம்மா" என்கிறாள். அவர் என்பது நாற்பது நாள் நிரம்பாத ஆண்பிள்ளை! அறை முழுதும் சிரிப்பு. சிரிக்க என்ன இருக்கிறது? வயிற்றுக்கு ஒழுங்கு வேண்டாமா?

ஸகியா என்பவள் ஒருத்திதான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறாள். நாற்பது வயது சொச்சம். அவளுடைய மகள் சுல்பிகாவுக்குப் பிள்ளை பிறந்து இன்றோடு முப்பது நாள். அந்தப் பேத்திக்கு, சிபானாவுக்கு, ஸகியாதான் பால் கரைக்கிறாள். போத்தலுக்குள் தூரிகை விட்டுக் கழுவி, முழுதாக மூழ்கும்படி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, துணியில் கவிழ்த்து வைக்கிறாள். கரண்டியில் மாவைத் தட்டிச் சமன் செய்து போடுகிறாள். "உனக்கு இதை யார் பழக்கியது?" என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பழக்கினவங்க பழக்கினதான் உம்மா" என்றாள்.

1993 டிசம்பர் 11, சனி

இன்று மிஸி வந்தாள். கனகேஸ்வரி, காரைதீவு, குடும்பநல மருத்துவமாது. காலை எட்டு மணிக்கு வரவேண்டியவள். சந்திச் சோதனைச் சாவடியில் மறித்து வைத்திருந்து பதினொன்றுக்கு விட்டார்களாம். வந்ததும் கரும்பலகையைப் பார்த்தாள்.

"ஆரம்மா இந்த நேரசூசி போட்ட? பஸ் ஓடுற மாதிரி இருக்கு."

நான்தான் என்றேன்.

"பிள்ளையளுக்கு உங்கட மணிக்கூடு பாக்கத் தெரியுமா?"

முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னாள். போத்தல்களைப் பார்த்தாள். பூட்டியது நல்லது, இனி திறக்கவே வேண்டாம் என்றாள். கொதிக்கவைத்தாலும் வேண்டாமாம். போத்தலின் கழுத்துக்குள் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கோப்பை என்றால் கண்ணால் பார்க்கலாம் என்கிறாள். பதினொரு தாய்மாரையும் ஒவ்வொருவராகக் கேட்டாள். எட்டுப் பேர் புதன்கிழமை வரைக்கும் தாய்ப்பால் கொடுத்தவர்கள்! "லொறி வந்த உடன எட்டுப் பேருக்கும் ஒரே நாளில பால் வத்திட்டாம், பாத்தீங்களா அம்மா?" என்று என்னிடம் திரும்பிக் கேட்டாள். நானா வற்றச் சொன்னேன்?

நீ பிறக்குமுன்னே நான் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பித்தவள் என்று சொன்னேன்.

"அதுதானம்மா பயமா இருக்கு."

இப்படியா பேசுவது! என் கணவர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியாக இருந்த காலத்தில் ஒரு மருத்துவிச்சி வாயைத் திறப்பாளா?

ஸகியாவிடம்தான் மிஸியின் வாய் எடுபடவில்லை. சுல்பிகா பச்சை உடம்போடு இடுப்பளவு வெள்ளத்துக்குள்ளால் அரைக் கட்டை தூரம் நடந்து வந்து பெட்டியில் ஏறியவள். நாற்பதும் முடியவில்லை. "பால் குளிந்து போய்க் கிடக்கு மிஸி. அதக் குடிச்சா புள்ளைக்கு மாந்தம்தான்" என்றாள் ஸகியா.

"குளிர்றதுக்கு அது என்ன ஊத்தி வெச்ச தேத்தண்ணியா? உடம்புக்குள்ள இருக்கிற பால்."

ஸகியா பிள்ளையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். சுல்பிகா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவள் நெஞ்சைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. துணி நனைந்திருந்தது.

1993 டிசம்பர் 12, ஞாயிறு

சிபானாவுக்கு வயிற்றோட்டம். நான்கு முறை. நான் கொதிக்கவைத்த போத்தல். நான் அளந்த மா. எப்படி?

1993 டிசம்பர் 13, திங்கள்

பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் போல ஸகியாவின் பக்கத்தில் வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாம் சரி. தண்ணீர் சரி, மா சரி, கலக்கியது சரி. கடைசியில், சூப்பியை மூடுவதற்கு முன், சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தாள். மூடியைத் திறந்து, மூன்று முறை பிஸ்மி சொல்லி, ஒரு கரண்டி தண்ணீரைப் பாலுக்குள் விட்டாள்.

அது என்ன என்று கேட்டேன். ஓதின தண்ணீராம். பள்ளிவாசல் அபுல் ஹஸன் லெவ்வை ஓதிக் கொடுத்தது. கண்ணூறுக்கும் பயத்துக்கும்.

லெவ்வைக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இந்தா இரிக்கிற கிணத்திலதான்."

பத்து நிமிடம் என் அடுப்பில் கொதிக்கவைத்து, அதற்குமேல் மலசலகூடத்துத் தண்ணீரில் ஒரு கரண்டி! தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், சுல்பிகா பயந்துவிட்டாள். விசாரித்தால், பதினொரு பிள்ளைகளில் ஏழு பேருக்கு அதே மருந்துப் போத்தல், அதே கரண்டி. என்னிடம் ஒருத்தியும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? "நீங்க கொன்வென்டுல படிச்சவங்க, வேணாமெண்டு செல்லுவீங்க எண்டுதான்" என்கிறாள்கள். கொன்வென்டில் படித்தவள் ஒரு வக்துத் தொழுகை விட்டதை யாராவது கண்டார்களா?

பள்ளிவாசலுக்குப் போய் லெவ்வையை வெளியே கூப்பிட்டேன். கொதித்தாறிய தண்ணீரில் ஓதினால் பலிக்காதா என்று கேட்டேன்.

"ஓதுறதுக்கு வெந்நீர், பச்சத் தண்ணியெண்டு என்னத்தகா? கொண்டாங்க" என்றார். "சூட்டோட கொண்டாந்தா இன்னும் நல்லம், ஆவியில எண்ட மூக்குத் தடிமனும் போகும்."

ஒரு கேத்தல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓதினார். ஊதினார். பழைய தண்ணீரையெல்லாம் மாமரத்தடியில், யார் காலும் படாத இடத்தில், மரியாதையாக ஊற்றச் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது. ஒழுங்காகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கும்.

1993 டிசம்பர் 14, செவ்வாய்

தீரவில்லை. மற்றப் பிள்ளைகள் பரவாயில்லை. சிபானாவுக்கு இன்று ஏழு முறை. தண்ணீராகப் போகிறது. மிஸி ஜீவனி உப்புச்சீனிப் பக்கற்றைக் கரைத்துக் கரண்டியால் பருக்கக் காட்டினாள். "இது கொஞ்ச நேரத்துக்குத் தாங்கிப் பிடிக்கத்தான். பிள்ளைக்குத் தாய்ப்பால்தான் வேணும். இண்டைக்கே" என்றாள். மற்ற ஏழு தாய்மாரும் அவள் சொன்னபடி மார்பில் போடத் தொடங்கிவிட்டார்கள். நான்கு நாள் என் நேரசூசிப்படி நடந்தவர்கள், ஒரு சொல்லுக்கு மாறிவிட்டார்கள். இருக்கட்டும்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் எனக்கும் வீம்பு பேச மனமில்லை. ஸகியாவிடம் போய் மிஸி சொல்வதைக் கேள் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா உம்மா செல்லுற? சூறாவளிக்கு இதே பள்ளிக்கூடத்தில, இதே வராந்தாவில வெச்சு நீங்கதானே எனக்கு போத்தல் தந்த? பயந்த தாய்ட பால் புள்ளைக்கு ஆகா, டின்பால்தான் சுத்தம் எண்டு நீங்கதானே சென்ன? ஒங்கட வாயால கேட்டுத்தான் நான் பழகின."

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். எழுபத்தெட்டில் பால்மா பங்கிட்டேன், உண்மை. பயந்த பால், குளிர்ந்த பால் என்ற பட்டிக்காட்டுக் கதையெல்லாம் என் வாயிலிருந்து வந்திருக்காது. அவள் பிழையாக நினைவு வைத்திருக்கிறாள்.

1993 டிசம்பர் 15, புதன்

அவள் சரியாக நினைவு வைத்திருக்கிறாள்.

பழைய நாட்குறிப்புகளை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு எடுத்தேன். 1978, டிசம்பர் 2. என் கையெழுத்து. அப்போது இன்னும் நேராக இருந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"கொழும்புச் சங்கத்திலிருந்து போத்தல்கள் வந்தன. தாய்மார் மறுக்கிறார்கள். காற்றுக்கும் மழைக்கும் பயந்த தாயின் பால் கெட்டுப்போயிருக்கும், பேணிப் பால் சுத்தமானது என்று அவர்களுடைய மொழியிலேயே சொன்னேன். உடனே வாங்கினார்கள். இவர்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லத் தெரியவேண்டும்."

டிசம்பர் 5: "மாவடிப்பள்ளி ஸகியா. மூன்று மாத ஆண்பிள்ளை. போத்தல் பளிங்கு போலச் சுத்தம். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்."

அதே பக்கத்தில்: "தாய்க்குச் சோறு கொடு, பிள்ளைக்குத் தாய் கொடுப்பாள், உன் போத்தல் எதற்கு என்கிறார் இவர். ஆண்களுக்கு இதில் என்ன தெரியும்."

இவர் அப்போதிக்கரி. முப்பத்தொரு வருடம் மருந்து கலந்தவர். நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன், ஆண்களுக்கு என்ன தெரியும் என்று.

நம்பாத ஒன்றை, வேலை நடக்கட்டும் என்பதற்காகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்பினார்கள். நான் மறந்துவிட்டேன்.

அந்த மூன்று மாதப் பிள்ளை எங்கே? ஸகியாவுக்குச் சுல்பிகா ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

1993 டிசம்பர் 16, வியாழன்

கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

பிள்ளையின் பெயர் ஜெஸீம். சூறாவளியில் கூரை போனபின் பாடசாலை வராந்தாவிலும், பிறகு வயற்கரையில் கிடுகு மறைப்புக்குள்ளும் இருந்தார்களாம். நான் கொடுத்த போத்தலில்தான் மூன்று கிழமை. பிறகு பால்மா முடிந்தது. விறகெல்லாம் ஈரம். ஒரு பகல் மழையில் நனைந்தபடி வந்தவள், பிள்ளை வீரிட்டு அழுவதைத் தாங்காமல், வற்றிப்போன மார்பில் எடுத்துப் போட்டிருக்கிறாள். ஏதோ கொஞ்சம் சுரந்ததாம். பிள்ளை குடித்தானாம். அடுத்த நாள் விடியமுன் மௌத்து.

"என்ட குளிந்த பாலக் குடிச்சுத்தான் போனான் உம்மா" என்றாள். அழவில்லை. பதினைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "அண்டைக்கு நான் பொறுத்திருக்கணும். ஒரு நாள் அழுதாலும் உசிரோட இருந்திருப்பான். இப்ப இவட புள்ளையயும் நான் சாகக் குடுக்கிறதா?"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஒழுங்கு வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு வயிற்றோட்டம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்த."

"எப்போது தொடங்கியது? நீ மார்பு கொடுத்ததற்கு முன்னா, பின்னா?"

"முன்னுக்குத்தான். ஆறேழு நாளா. கண்ணெல்லாம் குழி விழுந்திட்டு."

"அந்த ஆறேழு நாளும் என்ன குடித்தான்?"

"நீங்க தந்த போத்தல்தான்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "ஒரு சொட்டு அழுக்கில்லாமத்தான் கழுவின."

எதில் கழுவினாய் என்று நான் கேட்கவில்லை. சூறாவளிக்குப் பிறகு மாவடிப்பள்ளிக் கிணறுகள் எப்படிக் கிடந்தன என்று எனக்குத் தெரியும். ஆட்டுச் சவம் மிதந்த கிணறுகள். நானே பார்த்தேன்.

அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

1993 டிசம்பர் 17, வெள்ளி

சொல்லவில்லை.

சொல்லத் தேவையில்லை என்று காலையில் நினைத்தேன். மிஸி எப்படியும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். பதினைந்து வருடத்துக்கு முந்திய மையித்தைத் தோண்டி யாருக்கு என்ன பயன்? அவளுடைய மனம்தான் இன்னும் உடையும். இப்படி ஒன்பது காரணம் சேர்த்தேன். பத்தாவதையும் எழுதிவிடுகிறேன்: நாளைக்கு இந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது?

கோபம் வருகிறது. யார் மீது என்று தெரியாமல் காலிதீனைப் பிடித்துத் திட்டினேன். இன்னொரு லொறி வருகிறதாம். "கொழும்பால வாற சாமான வேணாமெண்டு எப்பிடி மாமி செல்லுற? மனம் நோகுமே" என்கிறார். யாருடைய மனம்? போத்தலின் மனமா?

1993 டிசம்பர் 18, சனி

காலை பத்து மணி. மிஸி சிபானாவின் தலையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என் கையை எடுத்து அங்கே வைத்தாள். உச்சிக்குழி. கிண்ணம் போலப் பள்ளமாகக் கிடந்தது. பிள்ளை அழுகிறது, கண்ணீர் வரவில்லை.

"உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். சேலைன் ஏத்துவாங்க. ஆனா அம்மா, ஏத்தித் திருப்பி அனுப்பின பிறகு இது எதைக் குடிக்கப் போகுது? திரும்பவும் அதுதானா?"

சுல்பிகாவின் புருசன் சரீப் உழவு இயந்திரத்தை வாசலுக்கு எடுத்துவரப் போனான். ஸகியா பையில் துணி அடுக்கினாள். போத்தலையும் எடுத்து வைத்தாள். அவளுடைய சொந்தப் போத்தல், சரீபை அனுப்பிக் கடையில் வாங்கியிருக்கிறாள். என் அலுமாரிக்குத் தப்பிய போத்தல். பளிங்கு போலச் சுத்தம்.

அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது.

"ஸகியா. வெய் அத. கேளு. ஜெஸீம் ஒன்ட பால் குடிச்சு மௌத்தாகல்ல. அவன் அதுக்கு முந்தியே ஏழு நாளா போய்க்கிட்டிருந்தான். நான் தந்த போத்தல்லதான். ஒன்ட பால்ல ஒண்டுமில்ல. அவன் கடசியாக் குடிச்சதில நல்லது அது ஒண்டுதான்."

வகுப்பறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. பயந்த பால் என்று நான் சொன்னது பொய். போத்தலை வாங்கவைக்கச் சொன்ன பொய். அதையும் சொன்னேன்.

ஸகியா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் மணி பார்க்கவில்லை.

"பதினஞ்சு வருசம்" என்றாள்.

அவ்வளவுதான். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிச் சுல்பிகாவின் முன்னால் உட்கார்ந்து, நெஞ்சில் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து காய்ந்த முடிச்சு, அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பிள்ளையை மடியில் வைத்தாள்.

"குடு."

"உம்மா..."

"குடு எண்டு செல்லுறன்."

பிள்ளைக்கு முதலில் பிடிக்கத் தெரியவில்லை. சூப்பிக்குப் பழகிய வாய். மிஸி பக்கத்தில் இருந்து மூன்று நான்கு முறை பிடித்துக் கொடுத்தாள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறும்போதும் பிள்ளை சுல்பிகாவின் முக்காட்டுக்குள்தான் இருந்தது. ஸகியா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போத்தல் வாங்கின்மேல் கிடந்தது. எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். பதினெட்டு.

1993 டிசம்பர் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். சேலைன் ஏறுகிறது. என்னை உள்ளே விடவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதாம். ஐந்து நிமிடம் பிந்தினேனாம்! என்னிடம் நேரம் சொல்கிறார்கள்.

1993 டிசம்பர் 22, புதன்

பிள்ளை திரும்பி வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பால் இன்னும் முழுதாக ஊறவில்லை. பத்து நாள் கட்டிவைத்த மார்பு ஒரே நாளில் திரும்புமா? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், மார்பில் போடவேண்டும். குறைக்குப் பால்மாவைக் கொதித்த தண்ணீரில் கரைத்துச் சின்னக் கோப்பையால் பருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் கோப்பையைக் குறைக்கவேண்டும். இது மிஸியின் கட்டளை. கோப்பையைப் பிள்ளையின் கீழுதட்டில் வைத்துச் சரித்தால் பூனைக்குட்டி போல நக்கிக் குடிக்கிறது. நாற்பது நாள் சொச்சத்துப் பிள்ளை கோப்பையில் குடிக்குமென்று எனக்கு ஒரு ஸிஸ்டரும் சொல்லித்தரவில்லை.

சுல்பிகாவுக்கு என் குசினியிலிருந்து சோறும் பால்சுறாப் புட்டும் முருங்கையிலையும் போகின்றன. தாய்க்குச் சோறு கொடு என்றவர் மௌத்தாகி ஒன்பது வருடம் கழித்துக் கொடுக்கிறேன். ஸகியா சட்டியை வாங்கி மகளுக்குப் பரிமாறுகிறாள். அவள் ஒரு பிடி எடுப்பதில்லை. என்னோடு கதைப்பதில்லை.

தெருவில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் நான் போனதும் பேச்சு நின்றது. "கொன்வென்டும்மாவே ஒப்புக்கிட்டாவாம்" என்று வேலிக்கு அப்பால் கேட்டது. ஒப்புக்கொண்டது சரி. ஆனால் பாலில் மருந்து கலந்து கொடுத்தேன் என்கிறார்களே, அது என்ன? ஒரு பிழையைக்கூட உள்ளபடி சொல்லத் தெரியாத ஊர்.

1993 டிசம்பர் 27, திங்கள்

இன்று கோப்பைப் பால் இரண்டே தரம். மிஸி தராசைத் தொங்கவிட்டு நிறுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன சனியைவிட முந்நூற்றுப் பத்துக் கிராம் கூட. நான் முந்நூறு என்று படித்தேன். "உங்கட கண்ணாடியத் துடைங்க அம்மா" என்றாள். துடைத்தேன். முந்நூற்றுப் பத்துத்தான்.

முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்களாம். வெள்ளம் கடலுக்கு வடிகிறது.

1994 ஜனவரி 3, திங்கள்

மாவடிப்பள்ளிக் குடும்பங்கள் இன்று புறப்பட்டன. சுல்பிகா பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து நாளாகக் கோப்பையே இல்லை. பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஏப்பம் விட்டது. சுல்பிகா சிரித்தாள். "இவக்கு உங்கட நேரசூசி ஒத்துவராதாம் உம்மா. நினைச்ச நேரமெல்லாம் கேக்குறா."

ஸகியா உழவு இயந்திரப் பெட்டியில் பாய்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு! மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். அது அவளிடம் இன்னொன்றைக் கேட்பதுபோல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

சரீப் இயந்திரத்தைக் கிளப்பினான். அப்போதுதான் அவள் குனிந்தாள்.

"நீங்க எழுதுறவங்கதானே. எழுதிக்குங்க. ஜெஸீம். மூணு மாசமும் இருவத்தாறு நாளும்."

எழுதிவிட்டேன்.

1994 ஜனவரி 6, வியாழன்

இன்று தபாலில் போட்ட கடிதத்தின் பிரதி:

அன்னையர் நிவாரணச் சங்கம், கொழும்பு. கனம் செயலாளர் அவர்களுக்கு,

தாங்கள் கடந்த மாதம் அனுப்பிய போத்தல்களில் பதினேழைத் திருப்பி அனுப்புகிறேன். இனி வெள்ளமோ வேறு அனர்த்தமோ வந்தால் எங்கள் ஊருக்குப் போத்தல் அனுப்பவேண்டாம். தாய்மாருக்கு அரிசியும் பருப்பும், தண்ணீர் கொதிக்கவைக்கப் பாத்திரமும் மண்ணெண்ணெயும் அனுப்பவும். பால்மா அனுப்பத்தான் வேண்டுமென்றால், மருத்துவமாது கேட்ட அளவுக்கு மட்டும், அவர் கைக்கே அனுப்பவும். இதை எங்கள் நிவாரணக் குழுச் செயலாளரும் வாசித்துக் கையொப்பமிட்டிருக்கிறார்.

இந்தக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் வேறு. 1978 சூறாவளியின் பின், தங்கள் சங்கத்தின் சார்பில் இந்த ஊரில் போத்தல்களைப் பங்கிட்டவள் நான். அறுபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் தாயின் பெயர், ஊர், பிள்ளையின் வயது எல்லாம் என் கையால் எழுதி, கையொப்பமிட்டுத் தங்களுக்கு அனுப்பினேன். இங்கிருந்த பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. அந்தப் பட்டியலின் பிரதியொன்றை எனக்கு அனுப்பவும். எவர்மீதும் முறைப்பாடு செய்வதற்காக அல்ல. நான் அந்த வீடுகளுக்குப் போகவேண்டும். அங்கே யாராவது ஒரு தாய் தன் பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், அது அப்படி இல்லை என்று அவளிடம் நேரில் சொல்லவேண்டும்.

ஒரு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. மற்ற அறுபத்து மூன்றும் எங்கே என்று எனக்குத் தெரியாது. எனக்கு எழுபத்தொரு வயது. தயவுசெய்து தாமதியாமல், எழுத்தில் பதில் தரவும்.